மீன்காரம்மாவும் ஐந்து கருவிகளும்

அவரை மீன்காரம்மா என்று முதலில் கூப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியாது. நானாக இருக்காது என்று நம்புகிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன், அதை மறைப்பானேன். அவர் வாழ்நாளில் ஒரு மீனைக் கையால் தொட்டதில்லை. எங்கள் ஆய்வு நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் தொட்டிகள் வரிசை வரிசையாக இருக்கும். விரல் நீள மீன்கள் ஆயிரக்கணக்கில் அவற்றில் ஓடிக்கொண்டிருக்கும். மீன்காரம்மா அந்தப் பக்கமே போகமாட்டார். வாடை ஒத்துக்கொள்ளாது. அவருடைய மீன் இரண்டாம் தளத்தில், அவருடைய கணினிக்குள் இருந்தது. அதை அவர் பதினொரு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு சர்வர் அறையில் வேலை. என்னை 'ஒயர்' என்பார்கள். ஏதாவது ஓடாவிட்டால் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும், ஓடினால் வராது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அதனாலேயே நான் யாரையும் தேடிப்போய்ப் பேசுவதில்லை. பக்கத்து அறையில் இருந்த மீன்காரம்மாவையும் அப்படித்தான் விட்டுவைத்திருந்தேன்.

அவருடைய அறை முன்பு கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிவைக்கும் ஸ்டோர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி மெஷின்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். மேஜையில் இரண்டு திரைகள், ஒரு தண்ணீர் பாட்டில், நாற்காலி முதுகில் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். மதியச் சாப்பாடும் அங்கேயேதான், திரையைப் பார்த்துக்கொண்டே. பிரிவுபசார விழா, பிறந்தநாள் கேக் என்று எதற்குக் கூப்பிட்டாலும் வந்து, கேக் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அதை அறைக்கு எடுத்துப்போய்த் தின்பார்.

வளர்சிதை மாற்ற மாதிரி என்று அவர் கட்டிக்கொண்டிருந்தது என்ன என்று எனக்கு முதல் ஐந்து வருடம் தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். சொன்னார். ஒரு உடம்பு எதை உள்ளே வாங்குகிறது, அதை எதுவாக மாற்றுகிறது, எந்த நொதி அதை மாற்றுகிறது, செல்லுக்குள் எந்த அறையில் வைத்து மாற்றுகிறது என்று வரிவரியாக எழுதிவைத்த பட்டியல் அது. ஒவ்வொரு வரியும் ஒரு வினை. பட்டியலைக் கணினியிடம் கொடுத்து, "இந்த இரையைப் போட்டால் இந்த உயிர் வளருமா?" என்று கேட்கலாம். எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் ஒரு எண் வரும். வளரும் என்று அர்த்தம். எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போனால் பூஜ்யம் வரும்.

"பாக்டீரியான்னா சுலபம் தம்பி," என்றார். "அது ஒத்த ரூம்ல குடித்தனம் நடத்தற ஒண்டிக்கட்டை. எல்லாம் ஒரே எடத்துல கெடக்கும். மீன் கூட்டுக்குடும்பம். கல்லீரலுக்கு ஒரு சமையல், தசைக்கு ஒரு சமையல், மூளைக்கு வேற. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரூம் ரூமா தடுத்திருக்கு. ஒரு பொருள் இந்த ரூம்லேருந்து அந்த ரூமுக்குப் போகணும்னா வாசல் இருக்கணும். வாசல் இருக்குன்னு நாமளா சொல்லக் கூடாது. யாராவது சோதனை பண்ணிக் காட்டியிருக்கணும்."

அவருடைய பட்டியலில் பத்தாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஆதாரம்' என்று ஒரு கட்டம். அதில் எந்த ஆய்வுக் கட்டுரை, எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பார். ஒரு கட்டத்தை நிரப்ப ஒரு வாரம் ஆன கதையும் உண்டு. ஏழு வருடம் முன்பு மீனின் முதல் வடிவத்தை வெளியிட்டபிறகு, முகம் தெரியாத ஆராய்ச்சியாளர்கள் எங்கெங்கிருந்தோ அவருக்கு மெயில் போட்டுச் சந்தேகம் கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். அவருடைய பெண் அவள் அப்பாவோடு இருக்கிறாள், எப்போதாவது போன் பேசுவாள் என்று ஆபீஸில் அரசல்புரசலாகச் சொல்வார்கள். வேறு உறவு என்று யாரும் வந்து பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது அந்த மீன் ஒன்றுதான். இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

போன வருடம் டைரக்டர் ஒரு கூட்டம் போட்டார். நிறுவனம் அடுத்து ஏழு உயிரினங்களுக்கு மாதிரி கட்டப்போகிறது, நண்டிலிருந்து ஆரம்பிக்கிறது என்றார்.

"ஒவ்வொண்ணுக்கும் பதினோரு வருஷம்னா நாம யாரும் இருக்க மாட்டோம்," என்றார். "இப்ப ஜீன் பட்டியலக் குடுத்தா தானாவே மாதிரி கட்டிக் குடுக்கற மென்பொருள் நெறைய வந்திருக்கு. அதுல நமக்கு எது சரின்னு தேர்ந்தெடுக்கணும். எல்லாத்தையும் நம்ம மீனையே கட்டச் சொல்லுவோம். எது மேடத்தோட மீனுக்குக் கிட்டக்க வருதோ, அதான் நம்ம கருவி. மேடத்தோட மீன்தான் அளவுகோல்."

கமிட்டியில் மூன்று பேர். டைரக்டர், மீன்காரம்மா, புள்ளியியல் பிரிவுத் தலைவர். இந்தப் புள்ளியியல் தலைவருக்கு 'சராசரி சார்' என்று பெயர். மழை வருமா என்று கேட்டால்கூடச் சராசரி சொல்வார். கருவிகளைச் சர்வரில் ஏற்றி ஓட்டிக் கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

கூட்டம் முடிந்து எழுந்தபோது டைரக்டர் அவரை நிறுத்தி, "இது நல்லபடியா முடிஞ்சா உங்களுக்குன்னு ஒரு குழு போடறேன். மூணு பேர். மூணாவது மாடில பெரிய ரூம் ஒண்ணு காலியாகுது," என்றார்.

மீன்காரம்மா அன்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார். பதினொரு வருடத்தில் அவராக வந்தது அதுதான் முதல் தடவை. "தம்பி, மூணு பேருக்கு எத்தனை திரை வேணும்? ஆளுக்கு ரெண்டுன்னு கேக்கலாமா, பேராசையா தெரியுமா?" என்று கேட்டார். ஆறும் கேளுங்கள் என்றேன். அவர் அதை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். மறுநாள் மூன்றாம் மாடியில் அந்த அறைக் கதவின் கண்ணாடி வழியாக அவர் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி லிஃப்டுக்குப் போய்விட்டேன்.

ஐந்து கருவிகள் வந்தன. அவற்றுக்குக் கம்பெனிக்காரர்களும் பல்கலைக்கழகக்காரர்களும் வைத்த பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நானே பெயர் வைத்தேன். முதலாவது 'மாப்பிள்ளை'. அது வேண்டும், இது வேண்டும், அதிலும் இந்தப் பதிப்புதான் வேண்டும் என்று மூன்று நாள் வாசலிலேயே நின்று முறுக்கிக்கொண்டது. எல்லாம் செய்துகொடுத்தபிறகு உள்ளே வந்து, மீனின் கல்லீரலையும் தசையையும் ஒன்றாகக் கலந்துவைத்தது. இன்னொன்று பாக்டீரியாவுக்காகவே எழுதப்பட்டது. செல்லுக்குள் அறைகள் இருக்கும் என்ற விவரமே அதற்குத் தெரியாது. அது கட்டிய மீனுக்கு இரை எதுவும் போடாமல் எல்லா வாசலையும் அடைத்தோம். அப்போதும் அது சக்தி தயாரித்துக்கொண்டு ஜாலியாக இருந்தது.

"காத்தக் குடிச்சே உயிர் வாழுது பாருங்க," என்று மீன்காரம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மூன்றாவதுக்கு 'ஜிகினா' என்று பெயர் வைத்தேன். படம் படமாகப் போடும், கலர் கலராக அம்புக்குறி ஓடும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வராது. நான்காவது ஓடும்போதே பாதியில் நின்றுவிடும். என்ன தப்பு என்றும் சொல்லாது. அந்த மாதத்தில் நான் அவரோடு பேசிய அளவுக்கு வேறு எந்த மாதத்திலும் யாரோடும் பேசியதில்லை. அவருக்கு ஒவ்வொரு கருவியும் எங்கே குப்புற விழும் என்று ஓட்டுவதற்கு முன்பே தெரிந்திருந்தது. "இது கொழுப்புல மாட்டும் பாருங்க" என்பார், மாட்டும்.

ஐந்தாவது கெட்டிக்காரன். ஏற்றின உடனே ஓடியது. நாற்பது நிமிடத்தில் மீனைக் கட்டிக் கொடுத்தது. அறைகள் எல்லாம் சரியாக இருந்தன. வாசலை அடைத்தால் சக்தி தயாரிக்கவில்லை. இரை போட்டால் வளர்ந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் அவருடைய மீனோடு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பொருத்தம். மற்ற நான்கில் எதுவும் அறுபதைத் தாண்டவில்லை. சராசரி சார் காபி மெஷின் முன்னால் நின்று எல்லோரிடமும் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். டைரக்டர் மீன்காரம்மாவிடம் கை குலுக்கினார்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"இவ்வளவு ஒத்துப்போகக் கூடாது தம்பி."

"ஏன்கா, நல்லதுதானே?"

"நானே எல்லாத்தையும் மறந்துட்டு மறுபடி முதல்லேருந்து கட்டினாக்கூட தொண்ணூத்தாறு வராது. பத்து எடத்துல வேற மாதிரி முடிவு எடுத்திருப்பேன். இது எப்படி நான் எடுத்த முடிவையெல்லாம் எடுக்குது?"

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்க்க ஆரம்பித்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாவது நாள் காலையில் கூப்பிட்டார். திரையில் ஒரு வரியை மஞ்சளாக்கி வைத்திருந்தார். ஒரு பொருள் செல்லின் பொது அறையிலிருந்து உள்ளே மைட்டோகாண்ட்ரியா அறைக்குப் போகும் வாசல் அது. இரண்டு பட்டியலிலும் அது இருந்தது.

"இந்த வாசல் மீன்ல இல்ல," என்றார். "எந்த மிருகத்துலயும் இருக்கறதா யாரும் காட்டினதில்ல. இது நானா வச்சது."

அவருடைய சொந்தப் பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஆதாரம் என்ற கட்டத்தில் கட்டுரைப் பெயர் இல்லை. 'தற்காலிகம். திரும்பி வந்து பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. வெளியிடும்போது மாதிரியை ஒரு பொது ஃபைல் வடிவத்தில் போட வேண்டும். அந்த வடிவத்தில் வினைகள் மட்டும் போகும். அவருடைய குறிப்புகள் போகாது. ஊருக்குப் போனது வாசல் மட்டும்தான். கெட்டிக்காரனைச் செய்தவர்கள் அதை எடுத்து அச்சாக வைத்துக்கொண்டார்கள். யார் எந்தப் பிராணியின் ஜீன் பட்டியலைக் கொடுத்தாலும் அது அவருடைய மீனிலிருந்து வெட்டி ஒட்டித்தான் கட்டிக் கொடுக்கிறது. அதனால்தான் தொண்ணூற்றாறு.

"ஏன்கா வச்சீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அப்புறம் தோன்றியது.

"நாலு மாசமா மீன் வளரல. பூஜ்யம் பூஜ்யம்னே வந்துட்டிருந்துச்சு. வெளியிடறதுக்குக் கடைசி நாள், மதியம் பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும். அன்னைக்கே பதினோரு மணிக்கு எனக்குக் குடும்பக் கோர்ட்ல கேஸ். பொண்ணு யார்கிட்ட இருக்கறதுன்னு. அவளுக்குப் பதிமூணு வயசு. அவளையே கேப்பாங்கன்னு வக்கீல் சொல்லியிருந்தார். காலைல ஒம்பது மணிக்கு இங்க உக்காந்து இந்த வாசல வச்சேன். வளந்துச்சு. அனுப்பிட்டுக் கெளம்பிட்டேன்."

"அப்புறம் திரும்பி வந்து பாக்கலியா?"

"பாக்கணும்னா அந்தத் தேதில எழுதின குறிப்பத் தெறக்கணும். தெறக்கல." ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். "அவ அப்பாகூட இருக்கேன்னு சொல்லிட்டா. அம்மா வீட்ல பேசறதே இல்லன்னு சொன்னா. அது நெசந்தான்."

நான் அந்த அறையில் நின்றுகொண்டு என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஆனாலும் புத்திசாலி மாதிரி ஒன்று சொன்னேன். "அக்கா, இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப வாயத் தெறக்காதீங்க. குழு வரட்டும். அப்புறம் மெதுவா சரிபண்ணிக்கலாம்."

அவர் என்னை முறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். மூன்று பேர், ஆறு திரை, பெரிய ரூம். இரண்டு நாள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வந்துபோனார். மூன்றாம் நாள் கமிட்டி கூடியபோது சொல்லிவிட்டார்.

நானும் அந்தக் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இந்தக் கருவி என் மீனைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறது, அதனால் என் மீனோடு ஒப்பிட்டு மார்க் போடுவதில் அர்த்தம் இல்லை. இரண்டு, அது காப்பி அடித்ததில் என் தப்பு ஒன்றும் சேர்ந்து போயிருக்கிறது.

"காப்பியடிக்க உங்களத் தேடி வந்திருக்காங்கன்னா பெருமைதானே மேடம்," என்றார் டைரக்டர்.

"பத்தாயிரத்துல ஒரு வரி," என்றார் சராசரி சார். "புள்ளியியல்படி பாத்தா அது இல்லவே இல்ல."

"அந்த ஒரு வரிய எடுத்தா மீன் வளராது சார். மொத்தமும் அதுமேலதான் நிக்குது."

"அப்ப ஏன் எடுக்கணும்?"

"அது இல்லாத வாசல்," என்று மட்டும் சொன்னார். அந்தத் தப்பு எப்படி வந்தது என்று டைரக்டர் கேட்டார். "அன்னைக்குப் பதினோரு மணிக்கு எனக்கு வேற எடத்துல வேல இருந்துச்சு," என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. எனக்கு முழுக் கதையும் தெரியும். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கருவியை ஓட்டியவன் நான், எனக்குப் பேச உரிமை இருந்தது. வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அன்று மதியமே அவர் தன் மீனிலிருந்து அந்த வரியை எடுத்தார். பூஜ்யம் வந்தது. கெட்டிக்காரனைச் செய்த வெளிநாட்டுக் குழுவுக்கு நீளமான ஒரு கடிதம் எழுதி, அனுப்புமுன் என்னைப் படிக்கச் சொன்னார். அந்த வாசலின் எண்ணைக் குறிப்பிட்டு, இதை வைத்தது நான்தான், எந்த ஆதாரமும் இல்லாமல் வைத்தேன், இதை நீக்கிவிடுங்கள், இதனால் யாருடைய வேலையாவது கெட்டிருந்தால் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். 'மன்னிக்கவும்' மட்டும் மூன்று இடத்தில் வந்தது. ஒன்றை எடுத்துவிடலாம் என்றேன். எடுக்கவில்லை.

பதிலுக்காக அவர் காத்திருந்தது எனக்குத் தெரியும். அவர்கள் கோபப்படுவார்கள், திட்டுவார்கள், பத்திரிகையில் போடுவார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்திலும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. யாராவது ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். பதினெட்டு நாள் கழித்து ஆறு வரியில் பதில் வந்தது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி. நாங்கள் சோதித்துப் பார்த்தோம். எங்கள் கருவியால் கட்டப்பட்ட நானூற்றுப் பன்னிரண்டு மாதிரிகளில் இந்த வினை இருக்கிறது. நீக்கினால் முந்நூற்று எண்பது வளராமல் நின்றுவிடுகின்றன. பயனர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்பதால் இப்போதைக்கு வைத்துக்கொள்கிறோம். தங்கள் மீன் மாதிரி எங்களுக்கு மிகவும் உதவியாக இருந்தது.

அவர் அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சாப்பிடாமல் மூடிவைத்தார்.

கமிட்டி கடைசியாகக் கூடியது. கெட்டிக்காரனையே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அளவுகோலாக ஏதாவது வேண்டுமே; மேடத்தின் மீன் இப்போது வளரவில்லை, வளராத மீனை எப்படி அளவுகோலாக வைப்பது என்று சராசரி சார் கேட்டார். அதனால் கெட்டிக்காரன் கட்டிய மீனையே அளவுகோலாக வைத்தார்கள். ஒரு சம்பிரதாயத்துக்காக அவருடைய திருத்திய மீனை அதோடு ஒப்பிட்டு, அதற்கும் ஒரு மார்க் போட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு வந்தது. மூன்றாம் மாடிப் பெரிய அறையில், சராசரி சாருக்குக் கீழே. ஆறு திரைகளையும் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஒயரைச் சொருகும்போதும் எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் சொருகினேன்.

மீன்காரம்மா தன் அறையிலேயே இருந்தார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. முன்பு வந்துகொண்டிருந்த மெயில்களும் நின்றுபோயின. சந்தேகம் உள்ளவர்கள் இப்போது கருவியைச் செய்தவர்களையே கேட்டுக்கொள்கிறார்கள். அவர் பழைய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்து, அந்தப் பொருள் உண்மையில் எந்த வழியாக உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். தினம் ஒரு வழியைப் போட்டு ஓட்டுவார். தினம் பூஜ்யம். எந்த வேலை எவ்வளவு நேரம் ஓடியது, என்ன விடை வந்தது என்று சர்வரில் பதிவாகும். அதனால் எனக்குத் தெரியும். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

நண்டு வேலை போன மாதம் ஆரம்பித்தது. நான்தான் ஓட்டினேன். கெட்டிக்காரனின் புதுப் பதிப்பு வந்திருந்தது. ஒவ்வொரு வினைக்கும் ஆதாரத்தைத் தானே தேடி நிரப்பிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். கட்டுரைகள், அறிக்கைகள், கருவிக்காரர்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் தேடி, எந்த வினையின் எண் எங்கே வருகிறதோ அதை எடுத்து ஒட்டிவிடும். நண்டு நாற்பது நிமிடத்தில் வந்தது. எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் அந்த வாசல் வரியைத் தேடினேன். இருந்தது. முன்பு காலியாக இருந்த ஆதாரக் கட்டம் இப்போது நிரம்பியிருந்தது. 'நிபுணரின் கடிதம்' என்று போட்டு, பக்கத்தில் மீன்காரம்மாவின் முழுப் பெயர், எங்கள் நிறுவனத்தின் பெயர், அவர் கடிதம் எழுதிய தேதி.

இதை அவரிடம் காட்டுவதா வேண்டாமா என்று நான் அரை மணி நேரம் யோசித்தேன். முன்பு ஒரு தடவை மறைக்கச் சொன்னவன் நான். காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "தேதி சரியாதான் இருக்கு," என்றார்.

"அக்கா, அது மெஷின் பண்ணின வேல. நம்பரப் பாத்து ஒட்டியிருக்கு. கடுதாசியப் படிச்சிருக்காது."

"நான் இல்லன்னு எழுதினேன் தம்பி. அதையே ஆமான்னு சொன்னதா வச்சிருக்காங்க."

"யாரும் இந்தக் கட்டத்தப் பாக்க மாட்டாங்கக்கா."

"அது எனக்குத் தெரியாதா." காகிதத்தை மடித்தார். "கொஞ்ச நேரம் உக்காருங்களேன்."

அந்த அறையில் இரண்டாவது நாற்காலி கிடையாது. நான் என் அறைக்குப் போய் என்னுடையதைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஏசி மெஷின்கள் வெளியே இரைந்துகொண்டிருந்தன. அவர் என்னைப் பார்க்காமல், அந்த மெஷின்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னைக்குக் கோர்ட்ல ஜட்ஜ் என்னயும் கேட்டார். பொண்ணு அப்பாகூட இருக்கேங்கறா, நீங்க என்னம்மா சொல்றீங்கன்னு. 'அவளுக்கு எது நல்லதோ அது'ன்னேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்ககூட இருக்கறதுதாம்மா அவளுக்கு நல்லதுன்னு யாராவது சொல்லுவாங்கன்னு நெனச்சிட்டு நின்னேன். அவங்க, தாய்க்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிட்டாங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன்."

நான் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டேன்.

"பொண்ணு பதினெட்டு வயசானதும் அந்தத் தீர்ப்ப வாங்கிப் படிச்சிருக்கா. போன் பண்ணினா. 'உனக்கு ஆட்சேபணையே இல்லையாம்மா'ன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"எழுதியிருக்கே. நான் என்ன சொல்றது. சாப்பிட்டியான்னு கேட்டேன்."

அவர் திரையின் பக்கம் திரும்பினார். கெட்டிக்காரனைச் செய்தவர்களுக்கு இன்னொரு கடிதம் ஆரம்பித்தார். என் கடிதம் இந்த வினைக்கு ஆதாரம் அல்ல, மறுப்பு என்று முதல் வரி. அடுத்த வரி, அதற்கு அடுத்த வரி என்று தங்குதடையில்லாமல் ஓடியது. வினை எண், பக்க எண், தேதி எல்லாம் மனப்பாடமாக வந்தது. நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"பொண்ணுக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதலாமேக்கா."

விரல்கள் நின்றன.

"இது எழுத வருது தம்பி," என்றார். "அதுக்கு ரெண்டு வருஷமா முதல் வரி வரல."